ஹாரி டீன் ஸ்டான்டன் எதற்கும் காத்திருக்கவில்லை

பாலைவனம், சிவப்புத் தொப்பி, தாடி. கீழே மஞ்சள் எழுத்தில் ஒரு தன்னம்பிக்கை வசனம். ஹாலிவுட் நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டன் 57 வயதுவரை தோற்றுக்கொண்டே இருந்தவராம், விடாமுயற்சியால் கடைசியில் 'பாரிஸ், டெக்சாஸ்' படத்தில் கதாநாயகனாகி ஜெயித்தாராம். எந்த மீம் என்று உங்களுக்கே தெரியும். உங்களில் பாதிப் பேர் அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறீர்கள்.

தோற்றுக்கொண்டிருந்தாரா? எதில்?

1926இல் கென்டக்கியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் கப்பலில் சமையல்காரர், ஒகினாவா சண்டையின்போது அங்கே இருந்தவர். ஐம்பதுகளில் நடிக்க வந்து, 'கன்ஸ்மோக்', 'ராஹைட்' என்று டிவி வெஸ்டர்ன்களில் தலைகாட்டினார். ஹாரி ஸ்டான்டன் என்று வேறொரு நடிகர் இருந்ததால், அப்போது டைட்டிலில் வெறும் டீன் ஸ்டான்டன். 'பாரிஸ், டெக்சாஸ்' 1984இல் வந்தபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வருட சர்வீஸ். அதைத்தான் நீங்கள் வெயிட்டிங் லிஸ்ட் என்கிறீர்கள். அது வேலை, சார். அவர் காத்திருக்கவில்லை, வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். 1979இல் வந்த 'ஏலியன்' பாருங்கள். விண்கப்பலில் ஏழு பேர், அதில் மெக்கானிக் பிரெட் இவர். எதைக் கேட்டாலும் 'ரைட்' என்பார். கிளிப்பிள்ளை என்று கதாநாயகி ரிப்லி கிண்டலே செய்வாள். அப்புறம் பூனையைத் தேடித் தனியாகப் போகிறார். மேலே சங்கிலிகள் தொங்குகின்றன, தண்ணீர் சொட்டுகிறது. தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தை நிமிர்த்தி அந்தத் தண்ணீரை வாங்கிக்கொள்கிறார். ஷிஃப்ட்டில் வியர்த்துப்போன ஒரு தொழிலாளிக்குக் கிடைத்த அரை நிமிட சுகம், அவ்வளவுதான். அங்கே அவர் மிரண்ட முகம் காட்டியிருந்தால் காட்சி படுத்திருக்கும், ஏதோ வரப்போகிறது என்று நமக்கு டமாரம் அடித்த மாதிரி ஆகியிருக்கும். அவர் பயப்படாததால்தான் அந்தப் பயத்தை நாம் படவேண்டியதாகிறது.

'தி கிரீன் மைல்' இன்னும் நல்ல உதாரணம். மின்சார நாற்காலி ஒத்திகைக்குக் கைதிக்குப் பதிலாக உட்காருகிற கிழவர் டூட்-டூட் இவர்தான். வார் கட்டுகிறார்கள், தலையில் கவசம் வைக்கிறார்கள், பஞ்சு வருகிறது. இவர் கடைசி வார்த்தை என்று கண்டதையும் உளறி எல்லோரையும் சிரிக்கவைக்கிறார். சிரித்துக்கொண்டே நாம் முறையை வரிசையாகக் கற்றுவிடுகிறோம். பிறகு நிஜத் தண்டனையின்போது காவலன் பெர்சி பஞ்சை நனைக்காமல் வைக்கும்போது யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை, வயிறு தானாகப் பிசைகிறது. இதற்குக் குணச்சித்திர நடிப்பு என்று அழகாகப் பேர் வைத்தவர்கள் நாம். அப்புறம் 'சைடு ஆக்டர்தானே' என்பவர்களும் நாமே.

'பாரிஸ், டெக்சாஸில் வரும் டிராவிஸ் வேடம்தான் தனக்குப் பிடித்தது என்று அவரே சொன்னாரே' என்று ஒருவர் வருவார். சொன்னார். இத்தனை வருடம் கழித்து விரும்பிய வேடம் கிடைத்தது என்று சொன்னார். அதற்குமுன் செய்ததெல்லாம் தோல்வி என்று எங்கே சொன்னார்? பிடித்த சாப்பாடு ஒருநாள் கிடைத்தால், மற்ற நாளெல்லாம் பட்டினி கிடந்ததாக அர்த்தமா?

'ஆஸ்கர் நாமினேஷன் ஒன்றுகூட இல்லையே.' இல்லை. அடுத்து?

'நிறைய மொக்கைப் படத்திலும் நடித்திருக்கிறார்.' நியாயமான கேள்வி. ஸ்டான்டனோ, இவரைப் போலவே குணச்சித்திர நடிகரான எம்.எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருந்தால் அந்தப் படம் முழுக்க மோசமாகிவிடாது என்று அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதியே எழுதினார், பிறகு அதற்கு விதிவிலக்கு உண்டு என்று அவரே ஒப்புக்கொள்ளவும் செய்தார். சரி, விதி பொய்த்தது. விதியே எழுதவைத்தவரைப் போய்த் தோற்றவர் என்கிறீர்களே, அதுதான் வலிக்கிறது.

ஜாக் நிக்கல்சன், தான் எழுதிய ஒரு வெஸ்டர்னில் இவருக்கு வேடம் கொடுத்தபோது, நீ ஒன்றும் செய்யாதே, உடை நடித்துக்கொள்ளும் என்றாராம். அறுபதுகளில் கேட்ட அந்தப் பாடம் 'பாரிஸ், டெக்சாஸ்' முழுக்க இருக்கிறது. முதல் இருபது நிமிடத்துக்கு மேல் டிராவிஸ் வாய் திறப்பதில்லை. கடைசியில் அந்தக் கண்ணாடி அறையில், பிரிந்துபோன மனைவியிடம் ஃபோனில் கதை சொல்லும்போது, நாற்காலியைத் திருப்பிப்போட்டு அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்கிறார். புதுசாக ஹீரோ ஆனவன் எவனுக்காவது அந்த நிதானம் வருமா? முப்பது வருடம் ஃபிரேமின் ஓரத்தில் நின்ற உடம்பு அது.

அதுதான் வெற்றி என்றால், இன்னொன்றுக்கும் பதில் சொல்லுங்கள். அதற்கப்புறம் அவர் ஏன் திரும்பவும் சின்ன வேடங்களுக்கே போனார்? 1986இல் 'பிரெட்டி இன் பிங்க்'கில் அப்பா வேடம். மறுபடி கதாநாயகனாக வந்த 'லக்கி' 2017இல், அது தியேட்டருக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, 91 வயதில் போய்ச் சேர்ந்தார். நடுவில் 'தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி'. அண்ணனுக்கு பக்கவாதம் என்று கேள்விப்பட்டு, பத்து வருடமாகப் பேசாத தம்பி புல்வெட்டும் வண்டியிலேயே அயோவாவிலிருந்து விஸ்கான்சின் வருகிறார். படம் முழுக்க ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த்துடையது. இவர் அந்த அண்ணன், கடைசிச் சில நிமிடம்தான். வண்டியைப் பார்க்கிறார். இதிலேயா என்னைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிறார். ஆமாம் என்கிறார் தம்பி. கண் கலங்குகிறது, மேலே வானத்தைப் பார்க்கிறார்.

இதற்குக் கீழே என்ன எழுதுவீர்கள், மஞ்சள் எழுத்தில்?