எலியாப்பையே தேடிக்கொண்டிருக்கிறோம்

ஞாயிறு பள்ளி ஆண்டுவிழா வந்தால் எங்கள் குமரி மாவட்டத்துச் சபைகளில் யார் மேடையேறுவார்கள் என்று முன்பே சொல்லிவிடலாம். வசனம் ஒப்பிக்கிற பிள்ளை, குரல்வளம் உள்ள பிள்ளை, கமிட்டிக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு வருத்தமில்லை. மற்றவர்களை நாம் பார்ப்பதே இல்லை என்பதுதான் வருத்தம்.

ஆலயத்தில் வளர்ந்த சிறுவன் சாமுவேலை ராத்திரியில் கர்த்தர் பெயர்சொல்லி அழைத்த கதை சொல்லும்போது, ஆசாரியர் ஏலியை லேசாகக் கடந்துவிடுகிறோம். சொந்தப் பிள்ளைகளைத் திருத்த முடியாத, கண் மங்கிய கிழவர். ஆனாலும் ஏலிதான் கூப்பிட்டார் என்று நினைத்துப் பையன் மூன்றாவது தடவை எழுந்து வந்தபோது, அழைப்பது கர்த்தர் என்று கண்டுகொண்டது அவர்தான்; பையனுக்குத் தெரியவில்லை. அதே சாமுவேல் வயதானபின் அடுத்த ராஜாவை அபிஷேகம்பண்ண ஈசாயின் வீட்டுக்குப் போனபோது, மூத்த மகன் எலியாப்பைப் பார்த்ததும் இவன்தான் என்று நினைத்தார். தெரிந்துகொள்ளப்பட்ட கடைக்குட்டி தாவீதோ ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான், அவனை யாரும் கூப்பிடக்கூட இல்லை. சிறுவயதில் அழைக்கப்பட்டவருக்கே இன்னொரு சிறுவனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருந்திருக்கிறது!

வளர்ந்தவர்கள் விஷயத்தில் நாம் இன்னும் மோசம். துக்க வீட்டில் யாரும் சொல்லாமலே பெஞ்சு சுமந்துபோட்டு, ராத்திரி முழுக்க அந்த வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இளைஞன், ஆராதனை நேரத்தில் காம்பவுண்டுக்கு வெளியே பைக்கில் இருப்பான். முன்கோபி, சொன்ன சொல்லையும் காப்பாற்ற மாட்டான். சபையார் கணக்கில் உருப்படாதவன். என் கணக்கில், மேய்ப்பனுக்கு வேண்டிய முதல் குணம் அவனிடம் இருக்கிறது. மற்றதெல்லாம் பழக்கிக்கொள்ளலாம்.

மாற்கு, பவுலும் பர்னபாவும் போன ஊழியப் பயணத்தில் பம்பிலியாவில் பாதியில் விட்டுப்போனவன். அடுத்த பயணத்துக்குப் பவுல் அவன் வேண்டாம் என்றார். பர்னபா கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குப் போனார். பின்னாளில் பவுலே, ஊழியத்துக்கு அவன் தேவை, அழைத்துவா என்று எழுதினார். இடையில் பர்னபா எவ்வளவு பொறுத்திருக்க வேண்டும்! ஆனால் நாமோ ஒரு தடவை சறுக்கியவனை ஆயுசுக்கும் மறப்பதில்லை.

இங்கேயும் மிஷனரி ரிங்கல்தௌபே 1816-ல் புறப்பட்டபோது சபைகளை உள்ளூர்க்காரரான மைலாடி வேதமாணிக்கத்தை நம்பித்தான் விட்டுப்போனார். அடுத்த மிஷனரி மீட் வந்து சேர்ந்தது 1818-ல்தான்.

அதற்காக நாளைக்கே அந்த இளைஞன் கையில் மைக்கைக் கொடுக்கச் சொல்லவில்லை. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனைச் சபைக்குக் கண்காணியாக்கினால் தலைக்கனம் வரும் என்று பவுலும் எச்சரித்திருக்கிறார். சாமுவேல் காலையில் ஆலயக் கதவைத் திறந்தான். அப்படி நிஜமான, சின்ன வேலை போதும். படுக்கையில் கிடக்கும் பாட்டியைப் பார்க்க உபதேசியார் போகும்போது அவனையும் கூட்டிப்போகட்டும். அப்புறம், "என்ன தோணிச்சு மக்ளே?" என்று கேட்டு, அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கட்டும்.

சரி, மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வேலைக்கு ஆள் சேர்க்கும்போது அந்த பைக் இளைஞனிடமும் கேளுங்கள். மாட்டேன் என்றால் கிறிஸ்துமஸ் கேரலுக்கு மறுபடி கேளுங்கள்.