ஓசிப் பொருள் கொடுத்து விற்ற புத்தகமாம்!

ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், நேரம் மிச்சம். தலைப்பு என்னவோ ‘மாங்கா வரலாறு’, அதாவது ஜப்பானியப் படக்கதைகளின் வரலாறு. அதில் பெண் பிள்ளைகளுக்கான பத்திரிகைகளுக்குக் கிடைத்தது கடைசியில் நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்தில் நேரலையை நடத்திய அண்ணன் உதிர்த்த முத்து: “ரிபோன் எல்லாம் ஓசியில் டப்பா, ஸ்டிக்கர் கொடுத்து விற்ற புத்தகம். உள்ளே ஒன்றும் இருக்காது.” பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள் வேறு.

சரிங்க அண்ணே. ஒரே ஒரு இதழையாவது புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

ரிபோன் 1955-ல் ஜப்பானின் ஷூயேஷா பதிப்பகம் சிறுமிகளுக்காகத் தொடங்கிய மாங்கா மாத இதழ். 1994-ல் ஒரு இதழ் 25 லட்சத்து 50 ஆயிரம் பிரதி அச்சானது. வாசகர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடச் சிறுமிகள். அத்தனை பேரும் ஒரு அட்டை டப்பாவுக்காக மாதாமாதம் ஏமாந்தார்கள் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்!

அந்த டப்பாவுக்கே வருவோம். இணைப்பாக வரும் பொருளுக்கு ஃபுரோகு என்று பெயர். கடிதத்தாள், சீட்டுக்கட்டு, காகிதப் பை, தடித்த அட்டையில் வெட்டுத் தடம் போட்டு வரும் குட்டி இழுப்பறை. ஏன் எல்லாமே காகிதம்? கஞ்சத்தனம் இல்லை. இதழ்கள் ரயிலில் சலுகைக் கட்டணத்தில் போன காலம் அது. சலுகை வேண்டுமென்றால் இணைப்பு எந்தப் பொருளால் ஆனது என்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. அந்த விதிகள் ரயிலில் அனுப்புவது நின்ற பிறகும் நீடித்து, 2001-ல்தான் தளர்ந்தன. அதுவரை ஆசிரியர் குழு அட்டையை வைத்தே வித்தை காட்டியது. பிள்ளைகளும் சும்மா வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. மடிப்புக் கோட்டை முதலில் நகத்தால் அழுத்தி எடுக்காமல் மடித்தால் அச்சு வெடித்து வெள்ளைக்கோடு தெரியும். செருக வேண்டிய அட்டை நாக்கைப் பொறுமையில்லாமல் திணித்தால் பிளவு கிழியும். பசை அதிகமானால் அடித்தட்டு நெளிந்து இழுப்பறை சிக்கும். அதை ஒழுங்காகச் செய்து முடித்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நேரலையில் பேசிய மூன்று பேரையும்விடப் பொறுமை அதிகம்.

பழைய இதழ் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். இதழில் இருக்கும் விண்ணப்பச் சீட்டை வெட்டி, தபால்தலை சேர்த்து அனுப்பினால் அனுப்பிய எல்லோருக்கும் ஒரு பொருள் வரும் திட்டம் இருந்தது. சீட்டை வெட்டினால் பின்பக்கத்துக் கதையிலும் ஓட்டை விழும். அதனால் ‘முழுப் பிரதி’ என்று விற்கிறவரிடம் அந்த மூலையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இது சும்மா இடையில், உபயோகப்படும் என்று சொன்னேன்.

உள்ளே ஒன்றும் இருக்காது என்றாரே, உள்ளே போவோம்.

1986-ல் ‘சிபி மாருகோ-சான்’ தொடர் ரிபோனில்தான் தொடங்கியது. சகுரா மொமோகோ தான் வளர்ந்த ஷிமிசு ஊரின் 1970-களை, சோம்பேறி மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணில் எழுதினார். காதல் பேச்சே அதில் இல்லை. 1994-ல் ஓபானா மிஹோவின் ‘கொடோமோ நோ ஒமோச்சா’ வந்தது. ஆறாம் வகுப்பு. பையன்கள் பாடமே நடத்தவிடுவதில்லை, ஆசிரியர்கள் மிரட்டப்பட்டு ஒடுங்கி நிற்கிறார்கள். எதிர்த்து நிற்பவள் குழந்தை நட்சத்திரமான சானா. அவள் ஒரு தத்துப்பிள்ளை. சிரிக்கச் சிரிக்க ஆரம்பித்து, பெற்றவர்கள் பிள்ளைகள் மேல் ஏற்றி வைக்கும் பாரம் வரை போகும் கதை. 1998-ல் அதற்குக் கொடான்ஷா மாங்கா விருது கிடைத்தது. போட்டிப் பதிப்பகம் கூப்பிட்டுக் கொடுத்த விருது! கதாசிரியை யசாவா ஐ ‘தென்ஷி நன்கா ஜா நாய்’, ‘கோகின்ஜோ மோனொகதாரி’ இரண்டையும் எழுதியதும் இங்கேதான். இதுதான் ‘ஒன்றும் இல்லாத’ உள்பக்கம்.

“எல்லாம் காதல் கதைதானே” என்று ஒரு கூட்டம் கமெண்டில் வரும், தெரியும். காதல் கதை நிறைய உண்டுதான். ‘மார்மலேட் பாய்’ காதல் கதைதான். இரண்டு தம்பதிகள் ஜோடி மாற்றிக்கொண்டு ஒரே வீட்டில் குடியேற, அவர்களின் பிள்ளைகள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தக் கருவைப் பெரியவர்கள் பத்திரிகையில் போட்டிருந்தால் துணிச்சல் என்பீர்கள். சிறுமிகள் பத்திரிகையில் வந்ததால் அது குப்பை. ஆண் பிள்ளைகள் பத்திரிகையில் ஒரே சண்டையை இருபது அத்தியாயம் இழுத்தால் மட்டும் அது காவியம்.

“வியாபாரம்தானே” என்பது அடுத்தது. ஆமாம், வியாபாரம். ஆண் பிள்ளைகளின் ஜம்ப் இதழ் மட்டும் என்ன தர்ம சத்திரமா?

இன்னொரு அதிமேதாவி நேரலையில் ‘பின்னணி எல்லாம் அழுக்கு மாதிரி மங்கலாக இருக்கிறது’ என்றார். எனக்கு உண்மையில் கோபம் வந்தது இங்கேதான். அவர் திரையில் காட்டியது திருட்டு ஸ்கேன். மாங்கா வரையும் தொழில்முறை மூலத்தாளில் படம் அடங்கும் உள்சட்டம் 180-க்கு 270 மில்லிமீட்டர். இதழில் அது ஏறத்தாழ 83 சதவீதமாகச் சுருங்கி அச்சாகும். சாம்பல் நிறம் என்று நாம் பார்ப்பது ஸ்க்ரீன்டோன்: புள்ளி அச்சிட்ட ஒட்டுத்தாள். அந்தக் காலத்தில் கத்தியால் வெட்டி, படத்தின் மேல் தேய்த்து ஒட்டினார்கள். எத்தனை சதவீதம் சுருங்கும் என்று தெரிந்துதான் எந்தப் புள்ளி என்று தேர்ந்தெடுத்தார்கள். அந்த அச்சைக் குறைந்த தெளிவில் ஸ்கேன் செய்து, செல்பேசிக்காக மறுபடி சுருக்கினால் புள்ளிகளும் பிக்சல்களும் மோதி அலையலையாகக் கறை தெரியும். அதற்கு மொய்ரே என்று பெயர். இரண்டு டோனைக் கோணம் தவறி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினாலும் இதே கோளாறு வரும். அது வராமல் பார்த்துப் பார்த்து ஒட்டிய பெண்ணின் உழைப்பை, திருடிய பிரதியில் பார்த்துவிட்டு அழுக்கு என்கிறார். கண்ணாடியைத் துடைக்காமல் ஊரே புழுதி என்றாராம்!

பக்க அமைப்பைப் பற்றியும் யாருமே பேசவில்லை. 1950-களின் பிற்பகுதியில் ஓவியர் தகஹாஷி மகோதோ பக்கத்தின் கட்டங்களை மீறி மூன்று வரிசை உயரத்துக்கு ஒரு பெண்ணை முழு உருவமாக நிறுத்தினார். அவள் கதையை நகர்த்தவில்லை, மனநிலையைச் சொன்னாள். அதற்குப் பிறகு கட்டக் கோடு கரைவது, பேச்சுக்குமிழ் இல்லாமல் மனக்குரல் வெற்றிடத்தில் மிதப்பது எல்லாம் சிறுமிகள் பத்திரிகைகளில்தான் விளைந்தன. ரிபோன் மட்டுமல்ல, மார்கரெட், நகயோஷி, ஷோஜோ காமிக் எல்லாமே. இன்று நீங்கள் கொண்டாடும் பல தொடர்களில் நாயகன் மனம் உடையும் பக்கத்தை எடுத்துப் பாருங்கள், அந்த உத்திதான். உத்தியைக் கடன் வாங்கியவர் மேதை, கொடுத்தவள் ஸ்டிக்கர் விற்றவள்.

“ஆரம்பத்தில் ஆண்கள்தானே எழுதினார்கள்” என்று யாரோ இன்பாக்ஸில் அனுப்பியிருக்கிறார். ஆமாம், 1962-ல் அகட்சுகா ஃபுஜியோவின் ‘ஹிமிட்சு நோ அக்கோ-சான்’ ரிபோனில்தான் வந்தது. 1966-ல் யொகொயாமா மிட்சுதெருவின் மந்திரக்காரி சாலியும் இங்கேதான். அதனால் என்ன? அதைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் பேனா எடுத்துப் பத்திரிகையின் போட்டிகளுக்குப் படம் அனுப்பினார்கள். திருத்தம் வாங்கினார்கள், மறுபடி அனுப்பினார்கள், அந்தப் பக்கங்களையே தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். வாசகி கதாசிரியை ஆன கதை இது. அதைத்தான் நாலு நிமிடத்தில் முடித்தீர்கள்.

கடைசியில் ஒரு பெண் ‘தொடர்கள் எப்படித் தொகுதியாகின்றன’ என்று கேட்டாரே, “அதெல்லாம் முக்கியமில்லை” என்று தாண்டிப் போனீர்களே, அந்தத் தங்கைக்காகச் சொல்கிறேன். ஐந்தாறு அத்தியாயம் சேர்ந்தால் ஒரு தொகுதி. இதழில் பக்க ஓரத்தில் விளம்பரத்துக்கு விட்ட கால்பங்கு இடம் தொகுதியில் காலியாகிவிடும். அங்கே கதாசிரியை தன் கையெழுத்தில் வாசகிகளோடு அரட்டை அடிப்பார்: தூக்கமில்லை, பூனைக்கு உடம்பு சரியில்லை, உங்கள் கடிதம் வந்தது என்று. முதல்முறை கதையை மட்டும் படியுங்கள் அம்மா, அந்த ஓரங்களை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அழுகிற காட்சிக்குப் பக்கத்திலேயே பூனை வந்து கெடுத்துவிடும்.

மற்றவர்கள் சண்டைக்கு வரலாம், கமெண்ட் திறந்துதான் இருக்கிறது. ஒரு தொகுதியாவது படித்துவிட்டு வரவும். திருட்டு ஸ்கேன் செல்லாது.