எந்தப் பூட்டுன்னாவது சொல்லித் தொலையேன்!

"ஏதோ நடந்துடுச்சு, உங்க பின் நம்பர் இப்போ கிடைக்காது." நான் கிண்டலுக்கு எழுதுறேன்னு நினைக்காதீங்க, விண்டோஸ் கம்ப்யூட்டரோட லாகின் ஸ்கிரீன்ல வர்ற மெசேஜே ஏறக்குறைய இதுதான். ஏதோ நடந்துடுச்சாம்! என்ன நடந்துச்சு? யாரு பண்ணது? ராத்திரி நல்லாத்தானய்யா மூடி வச்சேன், அப்புறம் நீயா எந்திரிச்சு நீயா அப்டேட் போட்டு நீயா ரீஸ்டார்ட் ஆகி எதையோ நோண்டி வச்சிட்டு, காலைல அவசரமா ஒரு ஃபைல் அனுப்பணும்னு வந்து உக்காந்தா ஏதோ நடந்துடுச்சுங்குற. ஒண்ணும் தெரியாத பாப்பா போட்டுக்கிட்டாளாம் தாப்பான்னு சும்மாவா சொன்னாங்க.

பூட்டு போடுறது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. லேப்டாப் தொலைஞ்சு போனா நம்ம போட்டோ, பேங்க் பேப்பர்னு எதுவும் எவன் கையிலயும் சிக்கக் கூடாது, சரி, ஒத்துக்குறேன். ஆனா இது ஒரு பூட்டு இல்லங்க, அஞ்சாறு பூட்டு. பின் நம்பர் ஒண்ணு, அது அந்த மெஷினுக்கு மட்டும்தான் செல்லும். பாஸ்வேர்டு வேற. அந்த பாஸ்வேர்டு மெஷினுக்குள்ளயே இருக்குற லோக்கல் அக்கவுன்டோடதா, மைக்ரோசாஃப்ட் ஆன்லைன் அக்கவுன்டோடதாங்குறது அதவிட வேற. அடியில டிஸ்க்குக்குன்னு என்கிரிப்ஷன் தனியா, அதாவது சாவி இல்லாம யாரும் படிக்க முடியாத மாதிரி குழப்பி வைக்கிறது. மெஷின் ஆன் ஆனதும் மொதல்ல ஓடுற பயாஸ்ல எவனாவது பாஸ்வேர்டு போட்டு வச்சிருந்தா அது தனியா. இதெல்லாம் சரியாவே இருந்தாலும் யூசர் ப்ரொஃபைல், அதான் உங்க ஃபைல், செட்டிங்ஸ் எல்லாம் இருக்குற இடம், கரப்ட் ஆயிருந்தா அப்பவும் உள்ள விடாது. ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற, ஒண்ணுக்குப் பண்றத இன்னொண்ணுக்குப் பண்ணா இருக்குறதும் போயிடும். ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியுறது என்னமோ ஒரு கட்டம், ஒரு அம்புக்குறி, "தப்பு, திரும்ப முயற்சி பண்ணுங்க". எது தப்புன்னு சொல்லேன்டா!

எங்க சித்தி ஒரு நாள் போன் பண்ணி அழாத குறை. "டேய், பாஸ்வேர்டு சரியாத்தான்டா போடுறேன், சத்தியமா சரியாத்தான் போடுறேன், இது வேணும்னே பண்ணுதுடா." கேப்ஸ்லாக் பாத்தாச்சு, ஆஃப்ல தான் இருக்கு. "சித்தி, அந்த கட்டத்தோட ஓரத்துல கண்ணு மாதிரி ஒரு படம் இருக்கும், டைப் பண்ணிட்டு அத அப்படியே அமுக்கிப் பிடிங்க, என்ன தெரியுதுன்னு படிங்க"ன்னேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம், "என்னடா நடுநடுவுல நம்பரா வருது, நான் நம்பரே அடிக்கலையே." நம்லாக்! பழைய லேப்டாப்ல நம்பருக்குன்னு தனி கீபேட் கிடையாது, எழுத்து கீ மேலயே ஓரமா பொடி எழுத்துல நம்பரும் அச்சடிச்சிருப்பான், நம்லாக் ஆன் ஆனா யு அடிச்சா 4 விழும், ஐ அடிச்சா 5, ஓ அடிச்சா 6, எம் அடிச்சா 0. கட்டத்துல எல்லாமே புள்ளியா தான தெரியும், பாவம் அவங்களுக்கு எப்படித் தெரியும்? கேப்ஸ்லாக் ஆன்ல இருந்தா மட்டும் கீழ ஒரு வரி எச்சரிக்கை வருது, நம்லாக்குக்கு அத போட என்ன கேடு?

இதே கதை தமிழ்ல டைப் பண்றவங்களுக்கு தினப்படி நடக்கும். தமிழ்99 கீபோர்டு போட்டு வச்சிருப்போம், லாகின் ஸ்கிரீன் அந்த லேஅவுட்டோடவே வந்து நிக்கும், நாம இங்கிலீஷ் பாஸ்வேர்டுன்னு நினைச்சு அடிக்கிறது எல்லாம் உள்ள அ ஆ இ ஈன்னு போய் விழும், வெளிய புள்ளி புள்ளியா அமைதியா நிக்கும். கீழ மூலைல லாங்குவேஜ் பேரு பொடிசா இருக்கும், அத க்ளிக் பண்ணி மாத்துனா முடிஞ்சது விஷயம். இத யாராவது மொதல்லயே சொல்றாங்களா? நேரா பாஸ்வேர்டு ரீசெட்டுக்கு அனுப்பி விட்டுடுவாங்க.

சரி, பின்னுக்கு வருவோம். கொஞ்சம் தடவை தப்பாப் போட்டா "ஏ1பி2சி3ன்னு டைப் பண்ணுங்க"ன்னு ஒண்ணு வரும், பாத்திருக்கீங்களா? பாத்தவுடனே வைரஸ்னு தான் தோணும். உண்மையில அது கீபோர்டு ஒழுங்கா வேலை செய்யுதான்னு, அடிக்கிறது ஆளு தானான்னு சோதிக்கிறதுக்காக. அதுக்கும் மேல தப்பு விட்டா ரீஸ்டார்ட் பண்ணுன்னும், இன்னும் போனா, உள்ள பின்னுக்குக் காவல் இருக்குற டிபிஎம் சிப்பு கதவ சாத்திக்கிட்டு காத்திருன்னும் சொல்லும். திருடன் வரிசையா நம்பர் போட்டுப் பாக்கக் கூடாதுன்னு இந்த ஏற்பாடு, காரணம் நியாயம் தான், ஆனா அத ஒரு வரில எழுதிப் போட்டா என்ன கொறஞ்சா போயிடுவ.

இதுல உச்சகட்டம் இன்டர்நெட் சுத்தல். பின் போச்சா, புதுசா வைக்கணும்னா ஆன்லைன்ல நீ தான்னு நிரூபி. நிரூபிக்க கோடு நம்பர் அனுப்புவாங்க, அந்த நம்பர் போகுற மெயில் இந்தப் பூட்டுன கம்ப்யூட்டர்ல மட்டும் தான் திறந்திருக்கும். இல்ல ஆத்தென்டிகேட்டர் ஆப்ல பாருன்னுவான், அது 30 செகண்டுக்கு ஒரு தடவ மாறும், நாம கண்ணாடியத் தேடி எடுத்துப் போடுறதுக்குள்ள அடுத்த நம்பர் வந்து நிக்கும். ஒரு வழியா போன்லயே பாஸ்வேர்டு மாத்தி முடிச்சு, வெற்றி வெற்றின்னு வந்து கம்ப்யூட்டர்ல அடிச்சா, தப்பு! ஏன்னா இந்த மெஷின் நெட்ல இல்ல, அதுக்கு இன்னும் பழைய பாஸ்வேர்டு தான் ஞாபகம் இருக்கு. லாகின் ஸ்கிரீன்ல கீழ இருக்குற நெட்வொர்க் ஐகானத் தொட்டு வைஃபை கனெக்ட் பண்ணிட்டு போட்டா தான் புதுசு செல்லும். இத அந்த மெசேஜே சொல்லலாம்ல?

புது பாஸ்வேர்டுக்கு வேற பெரிய எழுத்து ஒண்ணு, நம்பர் ஒண்ணு, ஸ்பெஷல் கேரக்டர் ஒண்ணுன்னு ஆயிரம் நிபந்தனை. தொழில்நுட்பத்துக்குத் தர விதி எழுதுற அமெரிக்காவோட நிஸ்ட் அமைப்பே 2017ல, இப்படி கலவை விதியெல்லாம் திணிக்காதீங்க, சும்மா சும்மா கெடு வச்சு பாஸ்வேர்டு மாத்தச் சொல்லாதீங்கன்னு எழுதிருச்சு. எவன் கேக்குறான்.

வைஃபை எல்லாம் இருந்தும் நுழையலையா, மொதல்ல கடிகாரத்தப் பாருங்க. மதர்போர்டுல இருக்குற சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துருந்தா தேதி பல வருஷம் பின்னாடி ஓடிடும், அப்புறம் வெப்சைட்டு அசல் தான்னு காட்டுற சர்டிஃபிகேட் எதுவும் செல்லாது, ஆன்லைன் அக்கவுன்ட் உள்ள விடாது. காரணம் ஒரு பொட்டு பேட்டரி, வர்ற மெசேஜ் "கனெக்ட் ஆக முடியல".

உள்ள விட்டும் வயித்துல புளியக் கரைக்கிறது ஒண்ணு இருக்கு, டெம்பரரி ப்ரொஃபைல். லாகின் ஆயிடும், ஆனா டெஸ்க்டாப் துடைச்சு விட்ட மாதிரி காலி, வால்பேப்பர் இல்ல, ஃபைல் இல்ல, எல்லாம் போச்சுன்னு கை காலெல்லாம் நடுங்கும். போகலங்க, சி டிரைவ்ல யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள உங்க பேர்ல அப்படியே தான் இருக்கும், ரீஸ்டார்ட் பண்ணாலே பல தடவ சரியாயிடும். ஆனா பதட்டத்துல அந்த காலி டெஸ்க்டாப்ல உக்காந்து புதுசா வேலை பாத்து சேவ் பண்ணீங்கன்னா லாக் ஆஃப் ஆனதும் அது நெஜமாவே காணாப் போயிடும்.

எல்லாத்துக்கும் மேல பிட்லாக்கர், விண்டோஸோட டிஸ்க் என்கிரிப்ஷன் பூட்டு. பயாஸ் அப்டேட் ஆன மறுநாள் ஸ்கிரீன்ல வந்து நின்னு 48 இலக்க ரெகவரி கீ குடுன்னு கேக்கும். நாப்பத்தெட்டு! ஆறு ஆறா எட்டு தொகுதி. என்கிரிப்ஷன் ஆன் ஆயிருக்குறதே பல பேருக்கு அந்த நிமிஷம் தான் தெரிய வரும், ஏன்னா நிறைய புது லேப்டாப்ல ஆன்லைன் அக்கவுன்ட் போட்டு செட்டப் பண்ணும்போதே அது சத்தமில்லாம ஆன் ஆயிடுது. கீ பெரும்பாலும் அந்த ஆன்லைன் அக்கவுன்ட்ல தான் கிடக்கும், போன்ல லாகின் பண்ணி எடுக்கலாம். அங்கயும் இல்ல, வேற எங்கயும் எடுத்து வைக்கலன்னா, அவ்ளோதான், எந்த கம்பெனிக்கு போன் பண்ணாலும் கிடைக்காது.

இந்த லட்சணத்துல வீடியோ போடுற மேதாவிங்க வேற. "எஃப் 8 அழுத்துங்க, சேஃப் மோட் வரும்"னு, அதாவது அத்தியாவசியமானது மட்டும் ஓடுற நிலை வரும்னு, இன்னமும் சொல்லிட்டிருக்கான். அந்த எஃப் 8 வழிய 2012ல விண்டோஸ் 8 வந்தப்பவே அணைச்சு வச்சுட்டாங்க ராசா, இப்போ லாகின் ஸ்கிரீன்ல ஷிஃப்ட் கீய பிடிச்சுக்கிட்டு ரீஸ்டார்ட் குடுக்கணும். இன்னொருத்தன் எடுத்த எடுப்புலயே "ரீசெட் பண்ணுங்க ப்ரோ, ஃபார்மேட் அடிங்க ப்ரோ, நிமிஷத்துல முடிஞ்சிடும்"ங்குறான். முடிஞ்சிடும்யா, அத நம்பி அடிக்கிறவன் புள்ளையோட போட்டோவும் சேந்து முடிஞ்சிடும். பின்னா, பாஸ்வேர்டா, ப்ரொஃபைலா, டிஸ்க்கா, எந்த ஸ்கிரீன்ல நிக்குறீங்கன்னு ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வாயத் திறங்கடா. நம்லாக் அமுக்க வேண்டிய மனுஷிய ஃபார்மேட் அடிக்க வைக்கிறதுக்கு உங்களுக்கு சப்ஸ்கிரைப் வேற கேடா!