வாசலிலும் காசு, உள்ளேயும் காசா?

வாசலில் ஒரு டிக்கட். உள்ளே போனால் படகுக்கு ஒரு டிக்கட், ராட்டினத்துக்கு ஒரு டிக்கட், மோதுகிற காருக்கு ஒரு டிக்கட், குதிரைக்கு ஒரு டிக்கட். மலையகத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற பல இடங்களில் இப்போது இதுதான் நடைமுறை. இதைப் பற்றி கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்குக் காசு வாங்குவதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. வாசலிலும் வாங்கி, உள்ளே ஏறுகிற ஒவ்வொன்றுக்கும் மறுபடி வாங்குவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளை எங்கேயாவது ஒரு நாள் கூட்டிப்போவது எங்கள் வழமை. பஸ்ஸுக்கு, சாப்பாட்டுக்கு, நுழைவுக்கு என்று கணக்குப் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் வாங்குவோம். முக்கால்வாசிப் பேர் சம்பளம் போட்ட பிறகுதான் தருவார்கள். சிலர் இரண்டு தவணையில் தருவார்கள். ஒரு வருடம் போன பூங்காவில், முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டபோது நுழைவுக் கட்டணத்தை மட்டும் சொன்னார்கள். உள்ளே இருக்கிற எதுவும் அந்தக் காசுக்குள் அடங்காது என்பது பஸ்ஸை விட்டு இறங்கி வாசலைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. விலைப் பலகையும் உள்ளேதான் இருந்தது. அதில் தமிழ் இல்லை. பாதிக்கு மேல் தமிழ் மக்கள் வாழ்கிற நுவரெலியா மாவட்டத்தில் தமிழ் இல்லாத விலைப் பலகை. சரி, அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

மோதுகிற கார் ஓடுகிற இடத்தில் குறுக்கே ஒரு சங்கிலி போட்டிருந்தார்கள். வீட்டில் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை மடித்துக் கொடுத்து அனுப்பிய பிள்ளைகள் ஓடிப்போய் வரிசையில் நின்றார்கள். கையில் எதுவும் இல்லாதவர்கள் சங்கிலிக்கு இந்தப் பக்கம். "எனக்கு தலை சுத்தும் சேர், நான் ஏறல" என்றான் ஒருவன். கொழுந்து லொறிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு வளைவு வளைவாக வருகிற பையன் அவன். அவனுக்கு எந்தக் காலத்திலும் தலை சுற்றியது கிடையாது. ஒரு பெண் பிள்ளை கூட்டாளிமாரின் பேக், தொப்பி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் வாங்கி மடியில் அடுக்கிக்கொண்டு, "நான் பாத்துக்கிறேன், நீங்க போங்கடி" என்று சிமெந்துக் கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பத்து வயதுப் பிள்ளைக்கு, கையில் காசில்லை என்பதை யாருக்கும் தெரியாமல் மறைக்கத் தெரிந்திருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது?

ஆசிரியர்கள் நாங்கள் கையிலிருந்ததைப் போட்டு எல்லோரையும் அந்தக் காரில் ஏற்றினோம். அதைத் தாண்டினால் ராட்டினம், அதற்கும் டிக்கட். அப்புறம் படகு. எத்தனைக்குத்தான் போடுவது?

இதே வகுப்புப் பிள்ளைகளைப் பேராதனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள். 1821 இல் தொடங்கிய தோட்டம் அது. வாசலில் டிக்கட் எடுத்துவிட்டால் பனை வரிசை, மகாவலிக்கு மேலே ஆடுகிற தொங்கு பாலம், கிளை பரப்பி நிற்கிற அந்தப் பெரிய ஜாவா அத்தி மரம், தலைகீழாகத் தொங்குகிற வௌவால் கூட்டம் எல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான். யாருடைய பொக்கட்டில் எவ்வளவு இருக்கிறது என்று அங்கே எந்தச் சங்கிலியும் கேட்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். நுழைவு 500 ரூபாய், ஒரு விளையாட்டு 300 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, அம்மாச்சி, இரண்டு பிள்ளைகள். வாசலிலேயே 2,500 போய்விடும். இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கு மூன்றில் ஏறினால் 1,800. மொத்தம் 4,300. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாய் ஆனது, 2024 இல் 1,350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாயையும் சேர்த்து 1,750 என்று அறிவித்தார்கள். அந்த 1,750 ஐயே எடுத்துக்கொண்டாலும், சாப்பாடும் பஸ் காசும் இல்லாமலே ஏறக்குறைய இரண்டரை நாள் பேர், அதாவது இரண்டரை நாள் சம்பளம், அங்கே போகிறது. அதுவும் சொன்ன கிலோ கொழுந்து எடுத்து முழுப் பேர் விழுந்த நாட்களாக இருந்தால்தான். மழையில் அரைப் பேர் விழுந்தால் கணக்கு இன்னும் நீளும். இதில் எனக்கு அதிகம் உறுத்துவது அம்மாச்சியின் 500 தான். அவர் எதிலும் ஏறப்போவதில்லை. பேரப்பிள்ளை சிரிப்பதைப் பார்க்க வந்தவர்.

இந்த முறை நம் ஊரில் முளைத்ததல்ல. கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் 1955 ஜூலையில் திறந்தபோது பெரியவருக்கு ஒரு டொலர், சிறுவருக்கு 50 சதம் என்று வாசலில் வாங்கினார்கள். உள்ளே ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. சில மாதத்திலேயே ஏ, பி, சி என்று தரம் பிரித்து டிக்கட் புத்தகமாக விற்றார்கள். 1959 இல் 'ஈ' டிக்கட் வந்தது. அதிகம் பேர் ஏற ஆசைப்பட்டவற்றுக்கு அது வேண்டியிருந்தது. இதற்கிடையில், 1961 இல் டெக்சாஸில் தொடங்கிய சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்கா, வாசலில் ஒரே கட்டணம், உள்ளே எத்தனையிலும் ஏறலாம் என்று நடத்திக் காட்டியது. டிஸ்னிலாண்டும் 1982 இல் புத்தகங்களை விட்டுவிட்டு அந்த வழிக்கே வந்தது.

அப்புறம் வேறு உருவத்தில் அது திரும்பி வந்தது. வரிசையில் கால்கடுக்க நிற்காமல் நேரம் குறித்துக்கொண்டு போகிற வசதியை 1999 இல் டிஸ்னி பூங்காக்களில் இலவசமாகத்தான் கொடுத்தார்கள். 2021 இல் அதற்குக் கட்டணம் வைத்தார்கள். சில விளையாட்டுகளுக்குத் தனித்தனியாகவும் வைத்தார்கள். 2024 இல் ஃப்ளோரிடாவில் இருக்கிற டிஸ்னி பூங்காக்களில், ஒரு பூங்காவில் ஒரு நாள் முழுக்க வரிசைகளைத் தாண்டிப் போக, பூங்காவையும் நாளையும் பொறுத்து 129 முதல் 449 டொலர் வரை என்று விற்கத் தொடங்கினார்கள். நுழைவுக் கட்டணம் வேறு. காசு கட்டியவர் முன்னால் போகப்போக, கட்டாதவரின் வரிசை நகராமல் நிற்கிறது. அப்படியானால் நுழைவுக் கட்டணத்தில் அவர் வாங்கியதுதான் என்ன?

1971 இல் வால்டர் ஓய் என்ற பொருளியல் பேராசிரியர், டிஸ்னிலாண்டை உதாரணமாக வைத்து இந்த இரட்டைக் கட்டணத்தை ஆராய்ந்து எழுதினார். ஏறக்குறைய எல்லாரும் ஒரே மாதிரியான ஆட்களாக இருந்தால், லாபத்தை வாசலில் எடுத்துக்கொண்டு, ஏறுவதற்கான விலையை அதை ஓட்டுகிற செலவளவுக்கு இறக்கிவிடுவதுதான் முதலாளிக்கே நல்லது என்பது அவர் காட்டிய கணக்கு. ஏழைகள் மேல் இரக்கப்பட்டு எழுதியது அல்ல அது, முழுக்க லாபக் கணக்கு. அந்தக் கணக்கிலேயே, வாசலிலும் தாராளமாக வாங்கி உள்ளேயும் தாராளமாக வாங்குவதற்கு இடமில்லை.

நடத்துகிறவர்கள் பக்கத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. மின்சாரக் கட்டணம், ஜெனரேட்டருக்கு டீசல், வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய உதிரிப்பாகம் எல்லாம் செலவுதான். நுவரெலியாப் பக்கம் ஏப்ரல் சீசனில் கூட்டம் அலைமோதும், ஜூன் ஜூலை மழையில் ஆளே இருக்காது. பராமரிப்பில் கைவைத்து மலிவாக ஓட்டுங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். பிள்ளைகள் ஏறுகிற இயந்திரம் அது. செலவுக்கு ஏற்ற விலையை வாங்குங்கள், ஆனால் அதை ஓர் இடத்தில் வாங்குங்கள்.

தோட்டத்துத் தேர்த் திருவிழாவுக்கு வருகிற ராட்டினக்காரரைப் பாருங்கள். அவருக்கு வாசலே கிடையாது. யாரும் வரலாம், நிற்கலாம், கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு மேலே சுற்றுகிறவர்களைப் பார்த்துக் கத்தலாம். ஏறுகிறவர் மட்டும் காசு கொடுக்கிறார். அங்கேயும் ஏற முடியாத பிள்ளை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையிடம் யாரும் முதலில் ஒரு தொகையை வாங்கிவிட்டு, பிறகு நிறுத்தி வைக்கவில்லை. அம்மாச்சியும் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போவார். ராட்டினக்காரருடைய விலை நேர்மையான விலை.

ஆகவே பூங்கா நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். வாசலில் வாங்குவதானால் சிறுபிள்ளைகளுக்கான விளையாட்டுகளையாவது அதற்குள் சேருங்கள். உள்ளேதான் வாங்குவேன் என்றால் வாசலைத் திறந்துவிடுங்கள். எதிலும் ஏறாத வயதானவர்களிடம் வாங்காதீர்கள். பாடசாலைப் பிள்ளைகள் என்று வந்தால், எல்லாம் சேர்த்து தலைக்கு ஒரே விலை சொல்லுங்கள். கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் இரண்டு மாதம் முன்பே சேர்க்கத் தொடங்குவோம். முழு விலையையும் உங்கள் முகநூல் பக்கத்திலும் வாசலுக்கு வெளியேயும் மூன்று மொழியிலும் போடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. இந்த முறை சுற்றுலாவுக்கு இடம் பார்க்கும்போது "நுழைவு எவ்வளவு?" என்று கேட்டு நிறுத்தாமல், "ஒரு பிள்ளை உள்ளே எல்லாவற்றிலும் ஏறி இறங்க மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்படி ஒரே விலை சொல்கிற இடம் உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள், நாங்கள் அங்கே போகிறோம்.