ரீஜெக்ஸும் கையுமா கோடுக்குள்ள இறங்காதேயும் வே!

எத்தன தடவ சொல்லுதது வே, ரீஜெக்ஸ்ங்குற எழுத்து-வடிவத் தேடலை வச்சு புரோகிராம் கோடைத் திருத்தாதேயும்னு? 'கவுண்ட்'ங்குற வேரியபிள் பேரை மாத்தப் போனா 'டிஸ்கவுண்ட்', 'அக்கவுண்ட்' எல்லாத்துக்குள்ளயும் புகுந்து வெட்டுது. ரெண்டு பக்கமும் வார்த்தை எல்லையைக் குறிக்குற பேக்ஸ்லாஷ்-பி (\b) போட கை வலிக்கா? சரி, போட்டாலும் கோடு பக்கத்துல குறிப்பா எழுதுன கமெண்டுக்குள்ள கிடக்குற 'கவுண்ட்'டையும் சேத்துல்லா மாத்திட்டு! டபுள் கோட்டு (") ரெண்டுக்கு நடுவுல, 'எது வேணா எத்தன வேணா'ங்குற புள்ளி-நட்சத்திரம் (.*) போட்டா, வரியில மொத கோட்டுல பிடிச்சு கடைசி கோட்டு வரைக்கும் விழுங்குது. நட்சத்திரத்துக்குப் பின்னால கேள்விக்குறி வச்சா அடுத்து வர்ற கோட்டோட நிக்கும். உள்ள பேக்ஸ்லாஷ் போட்ட கோட்டு இருந்தா அங்கயே அறுந்துரும். அடைப்புக்குள்ள அடைப்பு? பைத்தான் ரீஜெக்ஸுக்கு ஆழம் எண்ணவே தெரியாது. கோடோட அமைப்பை மரமாப் பிரிச்சுத் தர்ற பைத்தானோட ஏஎஸ்டி (ast) மாட்யூல் பக்கத்துலயேதான கெடக்கு, எடுத்தா என்ன?

இன்னும் கேளும். 'திருநெல்வேலி'ய, தொடர்ச்சியா வர்ற எழுத்துகளப் பிடிக்குற பேக்ஸ்லாஷ்-டபிள்யூ பிளஸ்ல (\w+) பிடிச்சுப் பாரும். பைத்தானோட ரீஜெக்ஸ் மாட்யூலான ஆர்இ (re) கொம்பு, புள்ளி எதையும் எழுத்தா எடுக்காது. த, ர, ந, ல, வ, ல-ன்னு 6 துண்டா நறுக்கித் தரும். ஊர்ப் பேரையே முழுசாப் பிடிக்காததுகிட்டயா மொத்தக் கோடும் கிடக்குற ரெப்போவையும் ஒப்படைக்கீரு?