ஒளித்துப் போக வைத்தது யார்?

அந்தக் குரல்பதிவை உங்களில் பாதிப் பேராவது கேட்டிருப்பீர்கள். யார் பேசியது, யாரைப் பற்றிப் பேசியது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எடை குறைக்க இரைப்பைச் சத்திரசிகிச்சைக்குத் துருக்கி போய் வந்து வருத்தமான அந்தப் பிள்ளை இன்னும் இங்கே, பிரித்தானியாவில், வார்டில்தான் இருக்கிறாள். “வாயைக் கட்டத் தெரியாமல் துருக்கிக்குப் போய் வயித்தை வெட்டிக்கொண்டு வந்து, இப்ப எங்கட வரிக்காசில படுத்திருக்கினம்.” இந்த ஒரு வசனம் போதும். அதைப் பகிர்ந்தவர்களில் என் சொந்தக்காரரும் இருக்கிறார்கள். கோயிலில் கண்டால் கையைப் பிடித்துச் சுகம் விசாரிக்கிற ஆட்கள்.

அவள் விடுமுறைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் போனது இப்போது ஊருக்கே தெரியும். திரும்பி வந்து காய்ச்சலும் இடது தோள்மூட்டில் நோவும் வந்தபோது, சளிக் காய்ச்சல் என்று சொல்லிப் பரசிற்றமோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனதும் தெரியும். இரைப்பையை வெட்டித் தைத்த இடத்தில் கசிவு வந்தால் அப்படித்தான் காட்டும். நெஞ்சு படபடக்கும், காய்ச்சல் அடிக்கும், சிலருக்குத் தோளில் நோகும். அந்த நேரத்தில் ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதி. அவள் ஏன் பிந்தி வந்தாள் என்று யாராவது கேட்டீர்களா? நான் சொல்கிறேன். இப்படி ஒரு குரல்பதிவு வரும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால்தான் ஒளித்தாள். போனதையும் ஒளித்தாள், நோவையும் ஒளித்தாள்.

என் மச்சாளும் போனவள்தான், இஸ்தான்புல்லுக்கு. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கூடப் போனது நான்.

மச்சாளுக்கு நீரிழிவு. மெட்ஃபோர்மின் குளிசை போதாமல் இன்சுலின் வரைக்கும் வந்துவிட்டது. இரவில் மூச்சு நின்று நின்று வருவதால் முகமூடி போட்டுக்கொண்டுதான் படுப்பாள். பராமரிப்பு இல்லத்தில் வேலை, பாதி நாள் இரவு வேலை. அவள் நடக்கவில்லையா, பட்டினி கிடக்கவில்லையா? கொள்ளுத் தண்ணீர் முதல் கீட்டோ வரை எல்லாம் பார்த்தாள். குறையும், பிறகு இரண்டு மடங்காக ஏறும். ஜீ.பி., அதாவது குடும்ப டொக்டர், ஒரு நாள் எடை குறைக்கிற சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொன்னார். இங்கே விதி என்னவென்றால், பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 40 இருக்க வேண்டும், அல்லது 35க்கு மேல் இருந்து நீரிழிவு போன்ற வருத்தம் இருக்க வேண்டும். எங்களைப் போன்ற தெற்காசியருக்கு அதிலும் 2.5 குறைத்துப் பார்க்கச் சொல்கிறது நைஸ் என்ற அமைப்பின் வைத்திய வழிகாட்டி. காகிதத்தில் மச்சாளுக்குத் தாராளமாகத் தகுதி. ஆனால் அதற்கு முதல் எடைக் கட்டுப்பாட்டுச் சேவைக்குப் போக வேண்டும், அதற்கே வரிசை. சில பகுதிகளில் அந்தச் சேவை புதிய ஆட்களை எடுப்பதையே நிறுத்திவிட்டது. இந்த நாட்டில் தகுதி உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இந்தச் சத்திரசிகிச்சை கிடைப்பதில்லை. தனியாரில் செய்தால் பத்தாயிரம் பவுண்டை ஒட்டி வரும். துருக்கி விளம்பரத்தில் ஹோட்டல், வான், மொழிபெயர்ப்பாளர் எல்லாம் சேர்த்து அதில் மூன்றில் ஒரு பங்கு. இரவு வேலை செய்கிற ஒரு பெண் எதைத் தெரிவு செய்வாள்?

இதை அழகு வேலை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் கேளுங்கள். மச்சாளுக்குச் செய்த ஸ்லீவ் என்ற சத்திரசிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் அளவில் ஒரு குழாய். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுக்கிற பகுதியில்தான் சுரக்கிறது. அதனால்தான் பசியே மாறுகிறது. எடை குறைவதற்கு முன்னமே, சில நாட்களிலேயே பலருக்குச் சீனி இறங்கத் தொடங்குவதும் இந்த ஹோர்மோன் மாற்றங்களால்தான். சுவீடனில் 1987 இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று, சத்திரசிகிச்சை செய்தவர்களிடையே இறப்பு குறைவு என்று 2007 இல் காட்டியது. இது வைத்தியம். வருத்தத்துக்குச் செய்கிற வைத்தியம். வாய் கட்டத் தெரியாதவர்களுக்குக் குறுக்கு வழி என்று சொல்கிறவர்கள், அந்த முதல் மாதம் ஒருவர் தண்ணீர் குடிக்கிறதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

நான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் அடுத்த நாள் ஒரு நீலத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். உள்ளே கசிவு இருந்தால் வயிற்றிலிருந்து வெளியே வரும் குழாயில் நீலம் தெரியும். மச்சாள் மருந்து ஊற்றிக் குடிக்கிற சின்னக் கோப்பையில் ஒரு மிடறு எடுப்பாள், கண்ணை மூடுவாள், குழாய்ப் பையைப் பார்ப்பாள், பிறகு அடுத்த மிடறு. நானும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீலம் வரவில்லை. நடைபாதை முழுக்கப் பெண்கள், குழாய்ப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கிறார்கள். காலில் இரத்தம் கட்டாமல் இருக்க நடந்தே ஆக வேண்டும். லிவர்பூல்காரி, ஜெர்மனியில் இருந்து ஒருத்தி, அயர்லாந்துக்காரி. கதைத்துப் பார்த்தால் எல்லோரும் வீட்டில் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தவர்கள். ஒருத்தி கணவனுக்கே சொல்லவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். துப்புரவு. தாதிமார் தங்கம். குறை எல்லாம் விமானம் ஏறிய பிறகு. அனுப்பும்போது கையில் தந்தது துருக்கி மொழியில் அரைப் பக்கம். ஜீ.பி. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? போவதற்கு முதல் ஐந்து நிமிடத்தில் பதில் போட்ட ஒருங்கிணைப்பாளர், மச்சாளுக்கு வாந்தி தொடங்கிய பிறகு நீல டிக் விழுந்தும் பதில் போடவில்லை. குடிக்கிற தண்ணீரும் நிற்கவில்லை. இங்கே ஏ அண்ட் ஈக்கு, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, கொண்டுபோனபோது ஒரு இளம் டொக்டர் முதல் வேலையாகத் தயமின், அதாவது விட்டமின் பி1, ஊசியில் ஏற்றச் சொன்னார். பல நாள் வாந்தி எடுத்தால் உடம்பில் அது தீர்ந்துவிடும், தீர்ந்தால் நடை தள்ளாடும், நினைவு குழம்பும், சில நேரம் திரும்பாது என்று சொன்னார். அவருக்கு அது தோன்றியது ஏன்? “ஆறு கிழமைக்கு முதல் இஸ்தான்புல்லில் ஸ்லீவ் செய்தது” என்று நான் வாசலிலேயே சொன்னதால். நான் இல்லாமல் அவள் தனியாகப் போயிருந்தால், வெட்கத்தில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லியிருப்பாள். அவளே இதை என்னிடம் சொன்னாள்.

திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒளித்துப் போகிறவர் தனியாகப் போகிறார். தனியாகப் போகிறவருக்கு வருத்தம் வந்தால் பார்க்க ஆளில்லை. ஒளிக்க வைத்தது நாங்கள்.

இப்போது சிலர் வருவார்கள், “துருக்கியில் ஆட்கள் சாகிறார்களே, அதையும் சொல்லுங்கோ” என்று. சொல்கிறேன். எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்குத் துருக்கி போன ஏழு பிரித்தானியர் இறந்ததை பிபிசி 2023 இல் வெளியிட்டது. அதே ஆண்டு, எடை குறைக்கத் துருக்கியில் வயிற்றில் போடொக்ஸ் ஊசி ஏற்றிக்கொண்ட பலருக்கு, ஜெர்மனியில் இருந்து போனவர்களுக்கும், பொட்டுலிசம் என்ற தசைகளை முடக்குகிற நச்சு நோய் வந்தது. இதையெல்லாம் மறைத்துக்கொண்டு போங்கோ போங்கோ என்று நான் யாரையும் அனுப்பவில்லை. இங்கே முறைப்படி செய்தால் குறைந்தது இரண்டு வருடம் அந்தச் சேவையே பின்பார்வை செய்ய வேண்டும், பிறகு ஆயுள் முழுக்க வருடா வருடம் இரத்தப் பரிசோதனை. பி12, இரும்பு, கல்சியம், விட்டமின் டி எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு கிழமைப் பக்கேஜில் அது வராது. ஆபத்து இருக்கிறது, மிகவும் இருக்கிறது. அதற்காகத்தான் சொல்கிறேன், ஆபத்தான ஒன்றை ஒருவர் ஒளித்துச் செய்யும்படி விடாதீர்கள்.

“எடை குறைக்கிற ஊசி வந்துவிட்டதே, மவுஞ்சாரோ போடலாமே” என்பவர்களுக்கு: போடலாம். மாதாமாதம் காசு கட்ட முடிந்தால், நிறுத்தினால் எடை திரும்பும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். ஆனால் ஊசி போடுகிறவளையும் இதே ஆட்கள்தான் இதே வாயால் நக்கலடிக்கிறார்கள். அதுவும் எனக்கு வந்த குரல்பதிவுகளில் இருக்கிறது.

வரிக்காசு. அவளும் வரி கட்டுகிறவள், என் மச்சாளும் கட்டுகிறவள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு படுத்த மாமாமாரிடம் எத்தனை போத்தல் குடித்தீர்கள், எத்தனை கொத்துரொட்டி சாப்பிட்டீர்கள் என்று யாராவது கணக்குக் கேட்டோமா? பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம். அதுதான் முறை. அந்த முறை ஒரு உடம்பு பெருத்த பெண்ணுக்கு மட்டும் ஏன் இல்லை?

இங்கேதான் எனக்கு வலிக்கிறது. மச்சாளுக்குப் பதின்மூன்று வயதில் சாமத்தியவீடு நடந்தது. சேலை கட்டிவிட்ட மாமி, ஆட்கள் சுற்றி நிற்க, “ஆறு முழம் இன்னும் வேணும் போல” என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீடியோவில் அந்தச் சிரிப்பும் இருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டு நிற்கிற பிள்ளையும் இருக்கிறாள். அதற்குப் பிறகு எத்தனை கலியாணவீடு, எத்தனை பிறந்தநாள், போன இடமெல்லாம் வணக்கத்துக்கு முதல் வருவது “நல்லா உடம்பு வச்சிட்டாய்” என்ற கதைதான். பிறகு அதே ஆட்கள் தட்டில் இன்னும் ரெண்டு றோல்ஸ் வைத்து, சாப்பிடாவிட்டால் கோபிப்பார்கள். 2017 இல் எகிப்திலிருந்து இமான் அகமது என்ற, உடம்பு மிகவும் பெருத்த பெண்ணை எடை குறைக்கிற சத்திரசிகிச்சைக்காகச் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவந்தார்கள். கிரேன் வைத்துத் தூக்கின அந்தப் படத்தைப் பார்த்து ஒரு வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. மச்சாளும் அங்கே இருந்தாள். அந்தப் பெண் அதே வருடம் செப்டம்பரில் அபுதாபியில் இறந்துபோனார். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைக்கவில்லை.

மெலிந்த பிறகாவது விடுகிறீர்களா? அதுவும் இல்லை. இப்போது மச்சாளுக்கு இன்சுலின் இல்லை, முகமூடி இல்லை, படியேறும்போது நிற்பதில்லை. “முகம் விழுந்து போச்சு, ஏதும் வருத்தமோ” என்று கேட்கிறார்கள். அவள் என்ன செய்தாலும் அவளின் உடம்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று யார் சொன்னது?

சரி, போவதென்று முடிவெடுத்தவர்களுக்கு. டிக்கெட் போடுவதற்கு முதல் உங்கள் ஜீ.பி.க்குச் சொல்லுங்கள். அந்த ஆஸ்பத்திரிக்கும் முகவருக்கும் துருக்கிச் சுகாதார அமைச்சின் சுகாதாரச் சுற்றுலா அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டப் போகிற டொக்டரோடு நேரடியாகக் கதையுங்கள், ஒருங்கிணைப்பாளரோடு மட்டுமல்ல. என்ன செய்தார்கள் என்ற முழு அறிக்கையை ஆங்கிலத்தில் கேட்டு வாங்காமல் விமானம் ஏறாதீர்கள். வந்த பிறகு காய்ச்சல், மூச்சு முட்டல், கால் வீக்கம், நிற்காத வாந்தி, எது வந்தாலும் ஏ அண்ட் ஈக்குப் போய் முதல் வசனமாக எங்கே, எப்போது, என்ன சத்திரசிகிச்சை என்று சொல்லுங்கள். அவசரம் என்றால் அவர்கள் பார்ப்பார்கள். தனியாகப் போகவே போகாதீர்கள். கூட வர ஆளில்லை, கேட்க ஆளில்லை என்றால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். மச்சாளும் கதைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். கதை வெளியே போகாது.