போதும்னு ஏன் தோண மாட்டேங்குது

பேராசை பிறவிக் குணம்னு உங்க கட்டுரைல சொல்லி முடிச்சிட்டீங்க, ஆனா பாதிக்கு மேல அது பழக்கமும் பயமும்தான் சார். 1978ல பிரிக்மேன்ங்கிற அமெரிக்க உளவியலாளரோட குழு வெளியிட்ட ஆய்வுல லாட்டரி ஜெயிச்ச 22 பேர் மத்தவங்களை விட ஒண்ணும் பெருசா சந்தோஷமா இல்ல, நண்பர்கூட பேசுறது, டிவி பாக்குறது மாதிரி சின்ன சின்ன விஷயத்துல கிடைக்கிற சுகம்கூட கொறஞ்சுதான் இருந்துச்சு. மனசு எதுக்கும் சீக்கிரம் பழகிடுது. அப்புறம் ஒண்ணு கிடைக்கிறப்போ வர்ற சந்தோஷத்தை விட அதை இழக்குறப்போ வர்ற வலி பெருசுன்னு கானமேன், ட்வெர்ஸ்கிங்கிற ரெண்டு உளவியலாளர்கள் 1979லயே சொன்னாங்க, அப்போ சேர்க்கச் சேர்க்க பயமும்தானே கூடும், நடுராத்திரி எழுந்து ஃபோன்ல ஷேர் விலை பாக்குறவருக்கு எங்கிருந்து நிம்மதி வரும்? இதுல அந்தப் பணக்காரர் தன்னை ஒப்பிடுறது நம்மளோட இல்ல, தன்னை விட பெரிய பணக்காரனோட, அந்த வரிசைக்கு முடிவே கிடையாது.